தட்டினால் ஓடுகிற இன்ஜின்

இன்ஜினை முதலில் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டாரை ஸ்பேனரால் தட்டி வண்டியைக் கிளப்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். சேலத்தில் ஆட்டோ எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறவன் இப்படிச் சொன்னால், பிழைப்பு போகிறதே என்று பேசுகிறான் என நினைப்பார்கள். அதற்காக இல்லை. ஒரு தட்டு, வண்டி கிளம்பிவிடுகிறது, சுற்றி நிற்பவர்களுக்கு நிம்மதி, தட்டியவர் கையைத் துடைத்துக்கொண்டு ஏறி உட்காருகிறார். ஆனால் கோளாறு எங்கே இருந்தது என்பதற்கான தடயம் அந்த ஒரு தட்டில் மொத்தமாக அழிந்துபோகிறது. அடுத்த தடவை அது எங்கே, எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. லாரி, டிராக்டர், ஜெனரேட்டர் என்று பலவற்றில் இதைப் பார்த்துப் பழகியவன்தான் நான். இருந்தும், இது என்னைத் தூங்கவிடாத விஷயமாக ஆனது மேட்டூர் நீர்த்தேக்கத்தில் ஓடும் ஒரு படகால்தான்.

நிலத்தில் ஓடும் வண்டிக்கு எப்படியும் ஒரு வழி கிடைத்துவிடும். ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் ஜீப் எனக்குத் தெரியும், செல்ஃப் சில நாள் எடுக்கும், சில நாள் எடுக்காது, வருடக்கணக்கில் அப்படியேதான் ஓடியது. டிரைவர் அதை எப்போதும் இறக்கம் பார்த்தே நிறுத்துவார். பிரேக்கை விட்டால் உருளும், இரண்டாவது கியரில் கிளட்சை விட்டால் பிடித்துக்கொள்ளும். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போகிற ஊரில் இறக்கத்துக்கு என்ன பஞ்சம்? அதனால் அந்தக் கோளாறை யாரும் தேடவே இல்லை. தண்ணீரில் இந்த வழியெல்லாம் கிடையாது. படகைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது.

மாமாவின் படகு

என் அக்கா வீட்டுக்காரர் கொளத்தூர்ப் பக்கம் விசைப்படகு ஓட்டுகிறார். இந்தக் கரையிலிருந்து தர்மபுரி மாவட்டக் கரைக்கு ஆட்களையும் பைக்குகளையும் ஏற்றிப்போகிற படகு. சாலை வழியாக மேட்டூரைச் சுற்றிக்கொண்டு போக நேரமும் பெட்ரோலும் யாருக்கும் கட்டுப்படியாகாது, அதனால் பள்ளிக்கூடப் பிள்ளைகள், சந்தைக்குப் போகிறவர்கள், கல்யாணக் கூட்டம் என்று எல்லோருக்கும் படகுதான். அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. தண்ணீர் நிறைந்திருக்கும்போது அக்கரை வெகுதூரம். மட்டம் இறங்க இறங்கக் கரையும் கூடவே இறங்கிப் போகும், பண்ணவாடியில் பழைய கோயில் நந்தி வெளியே வந்துவிடும், பயண தூரமும் சுருங்கிவிடும். அப்போது அதே ஒரு மணி நேரத்தில் படகு அதிகத் தடவை நின்று கிளம்ப வேண்டியிருக்கும். அதாவது செல்ஃபுக்கு வேலை கூடிவிடும். கோளாறு ஆரம்பித்ததும் அப்படி மட்டம் இறங்கியிருந்த ஒரு கோடையில்தான்.

முன்பு இருந்தது பழைய இரண்டு சிலிண்டர் டீசல் இன்ஜின், ஹேண்டில் போட்டுச் சுற்றிக்கூட கிளப்பிவிடலாம். இப்போதிருப்பது நாலு சிலிண்டர். செல்ஃப் எடுத்தால்தான் உண்டு. காலையில் முதல் ஸ்டார்ட் சுத்தமாக இருக்கும். மதியத்துக்கு மேல், இன்ஜின் நன்றாகச் சூடேறியபின், கரையில் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு மறுபடி பட்டனை அழுத்தினால் உள்ளே "டக்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இன்னொரு தடவை அழுத்தினால் இன்னொரு "டக்". மாமாவின் உதவிக்கு இருக்கும் பையன் பதினேழாம் நம்பர் ஸ்பேனரோடு குனிந்து செல்ஃப் மோட்டாரின் முதுகில் ரெண்டு போடுவான், கிளம்பிவிடும். அப்புறம் பத்து நாளைக்கு ஒன்றும் இருக்காது.

வெளியில் ஒரு மெக்கானிக் வந்து பார்த்தார். பேட்டரி வீக் என்றார், புது பேட்டரி போட்டார்கள். கொஞ்ச நாள் நன்றாக ஓடியது, திரும்ப வந்தது. தட்டினால் ஓடுகிறதே, அப்படியானால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும் என்று செல்ஃபைக் கழற்றிப் பிரஷ் மாற்றினார்கள். மறுபடி கொஞ்ச நாள். அடுத்து, மோட்டாருக்குள் சுழலும் ஆர்மேச்சருக்குக் காயில் கட்டினார்கள். அடுத்து சொலினாய்டு, அதாவது பட்டனை அழுத்தியதும் பேட்டரி கரண்டை மோட்டாருக்குத் திறந்துவிடும் ஸ்விட்ச். மாமா கணக்கு நோட்டில் இதெல்லாம் வரிசையாக எழுதியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் இடைப்பட்ட நல்ல நாட்கள்தான் ஆளை ஏமாற்றின. "இந்தத் தடவை சரியாயிடுச்சு" என்று ஒவ்வொரு தடவையும் நம்பினார்கள், அதில் அவர்களைக் குறை சொல்ல முடியாது, ஓடத்தானே செய்தது.

பிரஷ் சந்தேகம் ஒன்றும் முட்டாள்தனம் இல்லை. தேய்ந்த பிரஷ் ஹோல்டரில் சிக்கிக்கொண்டு சுழலும் பகுதிக்குக் கரண்டை வாங்கும் கம்யூட்டேட்டரைத் தொடாமல் நிற்கும், தட்டினால் அசைந்து உட்கார்ந்துகொள்ளும், அது உண்மை. ஆனால் தட்டுகிறபோது பிரஷ் மட்டுமா அசைகிறது? செல்ஃபைப் பிடித்திருக்கும் போல்ட், அதில் மாட்டியிருக்கும் வயர், சொலினாய்டு டெர்மினல் எல்லாமே அதிர்கின்றன. அதுபோல செல்ஃபைக் கழற்றி மாட்டினால் அதோடு சம்பந்தப்பட்ட ஒவ்வொரு இணைப்பும் ஒரு முறை பிரிந்து சேர்கிறது. புதுப் பொருளால் சரியானதா, அந்த அசைவால் சரியானதா என்று யார் சொல்ல முடியும்?

நடு நீரில்

ஆடி மாதம். காற்று எப்படி இருக்கும் என்று அந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பாதி வழியில் ப்ரொபெல்லரில் மீன் வலை சுற்றிக்கொண்டது. இது அங்கே சகஜம், இன்ஜினை நிறுத்திவிட்டுக் கத்தியால் அறுத்து எடுக்க வேண்டும், ஓடவிட்டபடி செய்ய முடியாது. அறுத்து எடுத்துவிட்டார்கள். பட்டனை அழுத்தினால் "டக்". காற்று படகைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போகிறது, உள்ளே பெண்கள், குழந்தைகள், கட்டிவைத்த பைக்குகள். பையன் தட்டினான், கிளம்பவில்லை. மறுபடி தட்டினான், அப்போதும் இல்லை. பிறகு ஏதோ ஒரு அடியில் பிடித்துக்கொண்டது.

படகு நல்லபடியாகக் கரை சேர்ந்தது. எல்லோரும் அந்தப் பையனைத்தான் பாராட்டினார்கள். அன்று ராத்திரி அக்கா எனக்கு போன் செய்தாள். "உங்க மாமாகிட்ட நீயாவது சொல்லுடா, அந்த இன்ஜினைத் தூக்கிப் போட்டுட்டு வேற வேலை பாக்கச் சொல்லு. இன்னைக்கு வந்துட்டாரு, நாளைக்கு?" அவள் குரல் நடுங்கியது. நான் மறுவாரமே ஓமலூர், மேச்சேரி வழியாகப் போய்ச் சேர்ந்தேன்.

சுற்றுகிறதா, சுற்றவில்லையா

எந்த இன்ஜினாக இருந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான். செல்ஃப் சுற்றுகிறது, ஆனால் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் டீசல் லைனில் காற்று, அடைத்த ஃபில்டர், பம்ப் என்று அந்தப் பக்கம் போக வேண்டும். சுற்றவே இல்லை என்றால் டீசலைத் தொடவே தேவையில்லை. மாமாவின் படகில் அந்த மெக்கானிக் டீசல் லைனில் ஏர் எடுத்தும் பார்த்திருக்கிறார். "டக்" என்று நிற்கும் இன்ஜினுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

சுற்றாததிலும் வகை உண்டு. பட்டனை அழுத்தினால் சத்தமே இல்லை என்றால் பட்டன், ஃப்யூஸ், சாவி, நியூட்ரல் ஸ்விட்ச் இவற்றில் ஒன்று. கியர் லீவர் நியூட்ரலில் சரியாக விழாமல் மயிரிழை தள்ளி நின்றாலும் நியூட்ரல் ஸ்விட்ச் உள்ள இன்ஜின் சத்தமில்லாமல் நிற்கும், லீவரை ஆட்டிக்கொண்டே பட்டனை அழுத்தினால் தெரிந்துவிடும். "டக்டக்டக்" என்று படபடத்தால் பெரும்பாலும் பேட்டரியில் வோல்டேஜ் பத்தவில்லை. ஒரே ஒரு "டக்" என்றால் சொலினாய்டு தன் வேலையைத் தொடங்கிவிட்டது, அதற்கு மேல் மோட்டாருக்கு வேண்டிய பெரிய கரண்ட் போய்ச் சேரவில்லை, அல்லது மோட்டார் உள்ளுக்குள் பழுது. மாமாவுடையது மூன்றாவது வகை. அந்த நேரத்தில் கேபின் விளக்கு மங்குகிறதா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "இல்ல மாப்ள, விளக்கு நல்லாத்தான் எரியுது" என்றார். அந்தப் பதிலிலேயே பாதி விஷயம் இருந்தது. மோட்டார் இறுகி நின்றால் பேட்டரியிலிருந்து ஏகப்பட்ட கரண்ட் ஓடும், விளக்கு செத்துப்போகும். விளக்கு மங்கவில்லை என்றால் வழியில் எங்கோ கரண்ட் தடைபடுகிறது என்று அர்த்தம்.

குறைந்த தூரம் ஓடுவதால் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறுவதில்லை என்று கரையில் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதையும் பார்த்துவிடுவோம் என்று கணக்குப் போட்டேன். செல்ஃப் 200 ஆம்பியர் இழுக்கிறது, மூன்று வினாடி சுற்றுகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள், செலவாவது 0.17 ஆம்பியர்-மணிதான். ஓடும் இன்ஜினிலிருந்து பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் 10 ஆம்பியர் கொடுத்தால்கூட ஒன்றிரண்டு நிமிடத்தில் அது திரும்பி வந்துவிடும். ஓடும்போது பேட்டரியில் 14.1 வோல்ட் இருந்தது, சார்ஜிங்கில் குறையில்லை. நின்றபின் 12.6. பேட்டரி முழுசாகத்தான் இருந்தது.

அப்புறம் கேபிள்கள். மல்டிமீட்டரை ஓம்ஸில், அதாவது தடை அளக்கும் இடத்தில் வைத்து ஒவ்வொன்றாகத் தொட்டால் எல்லாம் பூஜ்யம் காட்டும், எல்லாம் நல்ல கேபிள் என்று தோன்றும். இங்கேதான் பலபேர் ஏமாறுகிறார்கள். மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் பைப்பில் பாதிக்கு மேல் துரு அடைத்திருந்தாலும் குழாயை மூடி வைத்திருக்கும்வரை பிரஷர் முழுசாகத்தான் காட்டும், குழாயைத் திறந்தால்தான் நூல்போல ஒழுகுவது தெரியும். கேபிளும் அப்படியே. மீட்டர் அனுப்புவது மில்லி ஆம்பியர் கணக்கில், அதற்கு ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தால் போதும். செல்ஃப் கேட்பது நூற்றுக்கணக்கான ஆம்பியர். சாதாரண மீட்டரால் பார்க்கவே முடியாத 0.02 ஓம் தடை இருந்தால்கூட 150 ஆம்பியரில் 3 வோல்ட் அங்கேயே காணாமல் போய்விடும். அதனால் சும்மா இருக்கும்போது அளந்து பயனில்லை, பட்டனை அழுத்திக்கொண்டிருக்கும் அந்த வினாடியில் அளக்க வேண்டும், அதுவும் எடுக்காமல் போகிற வினாடியில்.

அந்த வினாடி கிடைப்பதுதான் கஷ்டம். எடுக்கவில்லை என்றதும் கை ஸ்பேனரைத் தேடுகிறது. ஆட்கள் காத்திருக்கிறார்கள், வெயில், சந்தைக்கு நேரமாகிறது, யாருக்கு அளக்கப் பொறுமை இருக்கும்? முதல் நாள் ராத்திரி சாப்பிடும்போது மாமாவிடம் கேட்டேன், நாளைக்கு நானும் படகில் வருகிறேன், எடுக்காமல் போனால் கரையில் நிற்கும்வரை யாரும் அதைத் தொடக்கூடாது, அப்படியே விட்டுவிட வேண்டும் என்று. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. சனங்களை நிறுத்திவைப்பது அவருக்கு மானப் பிரச்சினை. கடைசியில், "சரி மாப்ள, கெட்டா கெட்டே கெடக்கட்டும்" என்றார். என்னைக் கேட்டால் அந்த இன்ஜின் சரியானது அந்த வார்த்தையில்தான், அதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம் மீட்டரைப் பிடித்ததுதான்.

அக்கரையில்

மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரி மைனஸ் கம்பத்தில் கிளிப் போட்டேன், சிவப்பை இன்ஜின் பிளாக்கில், பெயின்ட் இல்லாத ஒரு போல்ட் தலையில். செல்ஃபுக்குப் போன கரண்ட் இன்ஜின் உடம்பு வழியாகத்தான் பேட்டரி மைனஸுக்குத் திரும்புகிறது, இதைத்தான் எர்த் என்கிறோம். இரண்டும் ஒரே எர்த்தான், நடுவில் இருப்பது ஒரு கறுப்புக் கேபிள் மட்டும். செல்ஃப் சுற்றும்போதும் அவற்றுக்கு இடையில் 0.2, 0.3 வோல்ட்டுக்கு மேல் வரக்கூடாது. மீட்டரை ஸ்டியரிங் பக்கத்தில் கண்ணில் படும்படி கட்டிவைத்தேன். காலையில் 0.4 காட்டியது. கொஞ்சம் அதிகம்தான், ஆனால் அதை வைத்துக்கொண்டு எதுவும் சொல்லிவிட முடியாது. ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் பார்த்துக்கொண்டே வந்தேன், மதியம்வரை பெரிதாக மாறவில்லை.

வெயில் உச்சிக்கு வந்தபின் அக்கரையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு மாமா பட்டனை அழுத்தினார். "டக்." மீட்டரில் 9.4 வோல்ட்.

பையன் ஏற்கெனவே குனிந்துவிட்டான், ஸ்பேனர் கையில். "ஒரே தட்டு, போயிரும்ங்கண்ணா." மாமா அவன் தோளைப் பிடித்து நிறுத்தினார். கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, "ஏம்ப்பா, ஓட்டறதா எறங்கறதா, சொல்லிப்புடுங்க" என்று சத்தம் போட்டது. இரண்டு பேர் இறங்கி வேறு படகு பார்க்கப் போனார்கள். மாமாவின் முகம் சுண்டிப்போயிருந்தது, ஆனாலும், "யாரும் தொடாதீங்க, அவன் பாக்கட்டும்" என்றார். எனக்கு அந்த நிமிடம் அவர்மேல் வந்த மரியாதை சாதாரணமானது இல்லை.

பட்டனை இரண்டு வினாடி அழுத்தச் சொல்லி ஒவ்வொரு இடமாக அளந்தேன். பேட்டரியின் இரண்டு கம்பங்களுக்கு நடுவில் 11.9, பேட்டரி நன்றாகத் தாங்குகிறது. பிளஸ் கம்பத்திலிருந்து செல்ஃப் டெர்மினல்வரை 0.2, அந்தப் பக்கம் சுத்தம். அப்படியானால் போனதெல்லாம் மைனஸ் பக்கம். அந்தக் கறுப்புக் கேபிள் எங்கே போய் முடிகிறது என்று பார்த்தால், செல்ஃபைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டில் ஒன்றின் அடியில். கேபிள் நுனியில் போல்ட் நுழைவதற்காக அழுத்தியிருக்கும் உலோக வளையம்தான் லக். அந்த லக்கிலிருந்து இரண்டு விரல் தள்ளிக் கேபிள் உறையில் ஊசியைக் குத்தி, பேட்டரி மைனஸிலிருந்து அந்த ஊசிவரை அளந்தேன், 0.1. லக்கின் மேலேயே வைத்தேன், 9க்கு மேல். இரண்டு விரல் இடைவெளியில் ஒன்பது வோல்ட். லக்கைத் தொட்டுப் பார்க்கப் போன விரலைச் சடாரென்று இழுத்துக்கொண்டேன், அப்படிச் சுட்டது, உறை கருகும் வாடையும் லேசாக வந்தது. பக்கத்து அங்குலத்தில் கேபிள் சாதாரணச் சூட்டில்தான் இருந்தது.

லக்கை அசைக்காமல், பேட்டரி மைனஸிலிருந்து நேராக இன்ஜின் பிளாக்குக்கு ஒரு ஜம்பர் கேபிளைப் போட்டேன். பட்டனை அழுத்தச் சொன்னேன். ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது. யாரும் எதையும் தட்டவில்லை. பாட்டி, "இதத்தான் மொதல்லயே பண்றதுக்கென்ன" என்று கேட்டது. நியாயமான கேள்வி.

சாயங்காலம் அந்தக் கேபிளைக் கழற்றி லக்குக்குப் பின்னால் உறையைக் கீறினேன். செம்பு இழைகள் பச்சைக் களிம்பு பிடித்துப் பொடிப்பொடியாக உதிர்ந்தன, லக்கைப் பிடித்துக்கொண்டிருந்தது ஓரத்தில் கொஞ்சம் இழைகள் மட்டும். படகின் அடித்தட்டில் எப்போதும் ஈரம், மேலே இன்ஜின் சூடு, நாள் முழுக்க அதிர்வு. குளிர்ந்திருக்கும்போது இழைகள் லக்கை எப்படியோ தொட்டுக்கொண்டிருந்தன, சூடேறித் தளர்ந்தபின் விட்டுவிட்டன. செல்ஃபைத் தட்டியபோது அதே போல்ட்டில் இருந்த லக்கும் அதிர்ந்தது. செல்ஃபைக் கழற்றிய ஒவ்வொரு முறையும் அந்த போல்ட்டும் கழன்றது, லக் திரும்பி உட்கார்ந்தது, கொஞ்ச நாள் தொட்டது. பேட்டரி மாற்றியபோதும் கேபிளை இழுத்து வளைத்திருப்பார்கள். மாமாவின் நோட்டில் இருக்கும் அத்தனை செலவும் இந்த ஒரு லக்கைச் சுற்றித்தான் நடந்திருக்கிறது.

சேலத்திலிருந்து வெள்ளீயம் பூசிய செம்பு இழையில் 50 சதுர மில்லிமீட்டர் கேபிள் வாங்கி, ஹைட்ராலிக் கிரிம்ப்பரில் லக் அழுத்தி, மேலே ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டுச் சுருக்கிக் கொண்டுபோனேன். செல்ஃப் போல்ட்டில் மாட்டவில்லை, பிளாக்கில் தனியாக ஒரு துளையில், பெயின்ட்டைச் சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்கினேன். சூடான இன்ஜினில் அளந்தால் இப்போது 0.1தான்.

அந்த மெக்கானிக் மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபமெல்லாம் நாம் கூலி கொடுக்கும் விதத்தின்மேல். ஒரு பாகத்தை மாற்றினால் பில் போடலாம், பழைய பாகத்தைக் கையில் கொடுத்துக் காசு வாங்கலாம். அரை நாள் மீட்டரோடு உட்கார்ந்து, ஒரு லக் போயிருக்கிறது என்று சொன்னால், "இதுக்கா இவ்வளவு?" என்பார்கள். என் கடையிலேயே தினமும் கேட்கும் பேச்சு இது. கண்டுபிடிப்பதற்குக் கூலி இல்லாத இடத்தில் எவனும் கண்டுபிடிக்க மாட்டான், மாற்றிக்கொண்டேதான் இருப்பான். நான் இப்போது பில்லில் சோதனைக் கூலி என்று தனி வரி எழுதுகிறேன். சிலர் முகம் சுளிக்கிறார்கள், சிலர் வேறு கடைக்குப் போகிறார்கள். போகட்டும்.

மாமா ஒரு சின்ன மல்டிமீட்டர் வாங்கி வைத்திருக்கிறார். அதை அந்தப் பையன்தான் பிடித்துக்கொண்டு திரிகிறான், பேட்டரி மைனஸுக்கும் பிளாக்குக்கும் நடுவில் ஸ்டார்ட் பண்ணும்போது எவ்வளவு வருகிறது என்று துறையில் மற்ற படகுகளிலும் அளந்துகொண்டு வருகிறான். அதில் ஒரு படகில் 1.1 வோல்ட் வந்திருக்கிறது, அங்கேயும் எர்த் கேபிள் செல்ஃப் போல்ட்டின் அடியில்தான். சொந்தக்காரரிடம் சொன்னதற்கு, "ஓடிட்டுதானே இருக்கு, எதுக்குத் தொடணும்" என்றாராம். ஆடிக்காற்று தொடங்குவதற்குள் நானே நேரில் போய் அவரிடம் பேசப்போகிறேன், கேபிளும் லக்கும் கையோடு எடுத்துக்கொண்டுதான் போவேன்.